அத்துழாய் என்னும் திருநாமம்

திருமயிலையில் அருண்டேல் தெருவிலுள்ள கிணறு ஒன்றைப் பேயாழ்வாரின் அவதார ஸ்தலமாகப் பெரியோர் காட்டுவர். ஐப்பசிச் சதயத்தில் அங்கே செவ்வல்லி மலரில் தோன்றிய அம்மஹான், பகவதநுபவத்தின் மிகுதியால் அழுதும் சிரித்தும் ஆடியும் பாடியும் திரிந்தார். கண்ட ஊரார் 'பேயர்' என்றனர். ஊரார் வைத்த பெயரே திருநாமமாக நிலைத்தது. அதற்கு நாணாத பூர்வாசார்யர்கள் வடமொழியில் அவரை 'மஹதாஹ்வயர்', அதாவது பெரும் பெயரையுடையவர், என்று வழங்கினர். சங்க நூல்களைப் பயின்றவர்களுக்குப் 'பேய்மகள் இளவெயினி' என்னும் பெண்பாற் புலவர் நினைவுக்கு வருவார். ஆக, கேட்பவரைத் திடுக்கிடச் செய்யும் பெயர் தமிழகத்துக்குப் புதிதன்று. மயிலைக்கோ அது சொந்தச் சொத்து.

அந்த மயிலையிலும், மாம்பலத்திலும், அடையாற்றிலும் இன்று ஒரு வைஷ்ணவக் குடும்பத்தில் பெண் மகவு பிறந்தால் பெயர் பற்றிய விசாரம் பிரஸவத்துக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. 'யார் வீட்டிலும் இல்லாத பெயராக இருக்கவேண்டும்; பழைய பெயராகவும் இருக்கவேண்டும்' என்பது இளம் பெற்றோர்களின் விருப்பம். இவ்விருப்பத்தைக் குறை கூறுவதற்கில்லை. அதை நிறைவேற்றச் சிலர் சோழ அரண்மனையை நாடுகின்றனர். சிலர் வடநாட்டுக் காவியங்களை நாடுகின்றனர். சிலர் எண்கணிதம் பார்ப்பவரிடம் சென்று, இருக்கிற பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி வருகின்றனர். தம் வீட்டுப் பரணில் கிடக்கும் ஓலைச்சுவடியைத் திறந்து பார்ப்பார் மட்டும் குறைவு. குருபரம்பரையில் பொதிந்து கிடக்கும் பெண்பாற் பெயர்களுள் 'அத்துழாய்' என்பது ஒன்று. அதை இன்று ஒரு பேத்திக்குச் சூட்டலாமா, சூட்டினால் சாஸ்த்ரம் தடுக்குமா, ஸம்ப்ரதாயம் இசையுமா என்பது ஆராயத்தக்கது.

பெயரிடுதல் பற்றி அருளிச்செயலில் தனிப் பதிகமே உண்டு. பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்து ஆறாம் திருமொழி முழுவதும் இதுவே பொருள். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுச் செல்வர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுகின்ற பெற்றோரை ஆழ்வார் அதில் இரங்கிக் கடிகிறார். நாராயணன், கேசவன், கோவிந்தன், மாதவன் என்றாற்போன்ற எம்பெருமான் திருநாமங்களை இடுமாறும், அப்படிப்பட்ட மகனைப் பெற்ற தாய் நரகம் புகாள் என்றும் உபதேசிக்கிறார். பெயருக்குப் பரிசு எதிர்பார்த்த காலம் அது. ஊர்ப் பெருந்தனக்காரன் பெயரைப் பிள்ளைக்கு இட்டால் அவன் மகிழ்ந்து ஒரு புடைவையாவது அனுப்புவான் என்ற எண்ணம். இப்போது புடைவை வருவதில்லை. திரைப்படக் கதாநாயகியின் பெயரை இட்டாலும் யாரும் ஒன்றும் அனுப்புவதில்லை. எனினும் மனோபாவம் அதுவே.

அப்பதிகத்தின் அடிப்படை அஜாமிளோபாக்யானம் என்று ஸ்ரீபாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தை அறிந்தவர்கள் உணர்வர். மகனை அழைத்த குரல் எம்பெருமானை அழைத்ததாக ஆயிற்று. நாள்தோறும் பலமுறை வாய்விட்டுக் கூப்பிடும் ஒரு சொல்லை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் குழந்தைக்குப் பெயரிடும்போதுதான். ஆழ்வார் அந்த வாய்ப்பை வீணாக்காதே என்கிறார்.

ஆயினும் அப்பதிகத்தில் வரும் பெயர்கள் யாவும் ஆண்பாலன. பெண்ணைப் பெற்றவர்களுக்கு அங்கே நேரான விதி இல்லை. விதியைப் பாட்டில் சொல்லாத ஆழ்வார் அதைச் செயலில் காட்டினார். திருவாடிப்பூரத்தில் நந்தவனத்துத் துளஸியடியில் கிடைத்த மகவுக்கு அவர் இட்ட பெயர் 'கோதை'. பூமாலை தொடுப்பவர் மகளுக்கு மாலை என்றே பெயரிட்டார் என்று இதை எளிதாகக் கடந்துவிடுவர். இச்சொல்லின் முன் வரலாறு அவ்வளவு எளிதன்று. கோதை என்பது சேர மன்னர்களின் பெயர். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை புறநானூற்றுப் புலவர்களுள் ஒருவன். 'மாக்கோதை' என்றும் 'குட்டுவன் கோதை' என்றும் தமிழ் எழுத்துப் பொறித்த சேரர் நாணயங்கள் கிடைத்துள்ளன. ஆழ்வார் காலத்துக்குப் பின்னும், பத்தாம் நூற்றாண்டில், மகோதயபுரத்துச் சேரர்களில் கோதை ரவி என்றொருவன் ஆண்டான். எனவே வில்லிபுத்தூரில் ஒரு நந்தவனக்காரர் தம் பெண்ணுக்கு அப்பெயரை இட்டபோது, அது மென்மையான பூப்பெயராக மட்டும் ஒலித்திராது. முடிமன்னர் மார்பில் கிடந்த சொல்லாகவும் ஒலித்திருக்கும். இன்று கோதை என்றவுடன் எவர்க்கும் சேரன் நினைவு வருவதில்லை. ஒரு பெண்பிள்ளை அப்பெயரைத் தன் பாசுரங்களின் முத்திரையில் தானே பொறித்து, அரசர்களிடமிருந்து அதைக் கைப்பற்றிவிட்டாள்.

அப்பெயர் பின்னர் அடைந்த மாற்றங்களும் குறிக்கத்தக்கன. வடமொழியாளர் அதை 'கோதா' என்றனர். வேதாந்ததேசிகர் கோதாஸ்துதி அருளினார். விஜயநகரத்துக் க்ருஷ்ணதேவராயர், சூடிக்கொடுத்தமையையே பெயராக்கி 'ஆமுக்தமால்யதா' என்று தெலுங்குக் காவியம் செய்தார். 'ஆண்டாள்' என்பது ஆண்டான் என்பதன் பெண்பால். மதிப்புப் பெயராக நின்று இயற்பெயராயிற்று. கூரத்தாழ்வானுடைய தேவிகளின் திருநாமம் ஆண்டாள் என்பதே. ஆகவே எம்பெருமானார் காலத்திலேயே அது க்ருஹங்களில் வழங்கும் பெயராகிவிட்டது என்று துணியலாம்.

அக்கூரத்தாழ்வான் திருமாளிகையில் நடந்த நாமகரணமே ஸம்ப்ரதாயத்தில் மிகவும் புகழ் பெற்றது. ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது அவர் திருக்கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன என்பதும், இளையாழ்வார் செய்த ப்ரதிஜ்ஞைகளால் அவை நிமிர்ந்தன என்பதும் யாவரும் அறிந்தவை. விஷ்ணுபுராணம் அருளிய பராசரரிடத்தும் ப்ரஹ்மஸூத்ரம் அருளிய வ்யாஸரிடத்தும் நன்றியைக் காட்டுவது அவற்றுள் ஒன்று. நம்மாழ்வாரிடத்து ப்ரேமத்தைக் காட்டுவது இன்னொன்று. பெரிய பெருமாள் ப்ரஸாதத்தால் ஆழ்வானுக்கும் ஆண்டாளுக்கும் இரு குமாரர்கள் பிறந்தபோது, எம்பெருமானார் ஒருவர்க்குப் பராசர பட்டர் என்றும் மற்றவர்க்கு வேதவ்யாஸ பட்டர் என்றும் நாமமிட்டார். எம்பாருடைய திருத்தம்பியார் சிறிய கோவிந்தப் பெருமாளின் குமாரருக்குப் பராங்குச நம்பி என்று நாமமிட்டார். மூன்று பெயர்களும் மூன்று கடன்களைத் தீர்த்தன. இங்கே பெயர் அழகுக்காக இடப்படவில்லை. குழந்தையின் ஜாதகத்துக்காகவும் இடப்படவில்லை. ஒரு மஹோபகாரம் மறக்கப்படக் கூடாது என்பதற்காக, அதைச் செய்தவருடைய பெயர் ஒரு தொட்டிலில் மறுபடி கிடத்தப்பட்டது. ஆசார்யன் செய்த உபகாரத்தை எந்தப் பொருளாலும் தீர்க்க முடியாது என்று கொள்ளும் ஸம்ப்ரதாயத்தில், எம்பெருமானார் இதற்குப் பெயரைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று.

இந்த நெறியைப் பெண்மக்களுக்கு நீட்டினால் என்ன ஆகும்? ஸம்ப்ரதாயம் எந்தெந்தப் பெண்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற கேள்வி எழும். விடையில் முதலில் தட்டுப்படுவது ஒரு வெறுமை. எண்பத்தொரு மஹான்களின் சரிதங்களைச் சுருக்கி எம்பெருமானாரிடம் விண்ணப்பித்து, அவரையே வியக்கச் செய்த திருக்கோளூர்ப் பெண்பிள்ளையின் பெயர் யாது? யாரும் எழுதி வைக்கவில்லை. அத்தனை பேருடைய சரித்திரத்தையும் நாவில் வைத்திருந்தவளை ஊராலும் 'பெண்பிள்ளை' என்ற பொதுச்சொல்லாலும் மட்டுமே அறியமுடிகிறது. கொங்கிற்பிராட்டியும் அவ்வாறே; நாட்டின் பெயர் நிற்கிறது, அவள் பெயர் இல்லை. பெயர் நின்றவர்களுள் உறையூர்ப் பிள்ளை உறங்காவில்லி தாஸருடைய மனைவி பொன்னாச்சி ஒருத்தி. உறங்குவதுபோல் கிடந்த தன் மேனியில் ஒரு பக்கத்து நகைகளைக் கவர்ந்தவர்கள் வைஷ்ணவர்கள் என்றறிந்து, மறுபக்கத்து நகைகளையும் கொள்ளட்டும் என்று புரண்டு கொடுத்தவள் அவள். அந்தப் பொன்னாச்சி என்ற பெயரை 'ஹேமாம்பா' என்று மொழிபெயர்த்துத்தான் சிலர் சொல்லத் துணிகின்றனர். தமிழில் சொன்னால் என்ன குறைவு என்பது விளங்கவில்லை.

பெயர் நின்றதோடு சரிதமும் நிறைந்து நிற்பவள் அத்துழாய். பெரிய நம்பியுடைய திருமகள். பெரிய நம்பி யார் என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. மதுராந்தகத்து ஏரிகாத்த ராமன் ஸந்நிதியில் எம்பெருமானாருக்குப் பஞ்சஸம்ஸ்காரம் செய்தருளிய ஆசார்யர். குலத்தால் தாழ்ந்தவராக உலகம் கருதிய மாறனேர் நம்பிக்குச் சரமகைங்கர்யத்தைத் தாமே செய்து, அதற்காக ஊராரின் வெறுப்பை ஏற்றவர். பெருமாள் ஜடாயுவுக்குச் செய்ததைத் தம் செயலுக்கு நிதர்சனமாகக் காட்டியவர். அப்படிப்பட்டவர் தம் மகளுக்கு இட்ட பெயர் இது. துழாய் என்பது துளஸியின் தமிழ்ப்பெயர். ஸ்ரீவைஷ்ணவ பரிபாஷையில் திருத்துழாய். எம்பெருமானுடைய திருமுடியிலும் திருமார்பிலும் திருவடிகளிலும் ஏககாலத்தில் இடம்பெறும் வேறு பொருள் இல்லை. கோதை கிடைத்ததும் துளஸியடியில் என்பதை நினைத்தால், இப்பெயரில் அவ்வரலாறும் அடங்கியிருப்பது தெரியும்.

அத்துழாய் பற்றிய நிகழ்ச்சிகளுள் முதலாவது யாவர்க்கும் தெரிந்தது. திருப்பாவையை அநுஸந்தித்துக்கொண்டே மாதுகரத்துக்கு எழுந்தருளிய எம்பெருமானார், நப்பின்னைப் பிராட்டியை எழுப்பும் பதினெட்டாம் பாசுரத்தின் முடிவில் பெரிய நம்பி திருமாளிகை வாசலை அடைகிறார். வளை ஒலிக்கக் கதவைத் திறக்கிறாள் அச்சிறுமி. அவளை நப்பின்னையாகவே கண்டு அவர் தண்டன் ஸமர்ப்பித்து மூர்ச்சிக்கிறார். அஞ்சி உள்ளே ஓடிய மகளிடம், 'அவர் இன்ன பாசுரத்தை அநுஸந்தித்துக்கொண்டு வந்திருப்பார்' என்று தந்தை சொல்லித் தேற்றுகிறார். இதையே திருக்கோட்டியூர் நம்பியின் திருமகள் தேவகிப் பிராட்டிக்கு ஏற்றிச் சொல்வாரும் உளர். நிகழ்ச்சி ஒன்று, பெயர் இரண்டு. இரண்டு திருமாளிகைகளும் அப்பெருமையைத் தம் பெண்ணுக்கே உரியதாக்க விழைந்தன என்பது, அக்கதவைத் திறந்த சிறுமியின் பெயர் எவ்வளவு விலையுள்ளதாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டும்.

இரண்டாவது நிகழ்ச்சியில்தான் அத்துழாய் தன் குரலில் பேசுகிறாள். விவாஹமாகிப் புக்ககத்தில் இருக்கையில், நீராடச் செல்லத் துணை வேண்டும் என்று மாமியாரிடம் கேட்கிறாள். 'துணை வேண்டுமானால் உன் பிறந்தகத்திலிருந்து சீதன வெள்ளாட்டியைக் கொண்டுவருவதுதானே' என்று அவள் இகழ்கிறாள். வெள்ளாட்டி என்றால் பணிப்பெண். அத்துழாய் அதை விழுங்கிக்கொண்டு இருந்துவிடவில்லை. தந்தையிடம் வந்து சொல்கிறாள். அவரோ, 'உன் ஜீயரிடம் சென்று சொல்' என்று எம்பெருமானாரிடம் அனுப்புகிறார். அவளும் சென்று சொல்கிறாள். எம்பெருமானார் சற்றும் தாமதிக்கவில்லை. அருகிலிருந்த முதலியாண்டானை நோக்கி, சீதன வெள்ளாட்டியாகச் செல்லுமாறு நியமிக்கிறார். த்ரிதண்டத்துக்கு ஒப்பாகப் போற்றப்பட்ட மஹாவித்வான், எம்பெருமானாரின் மருமகன், அவ்வீட்டில் தண்ணீர் சுமக்கிறார். அடுக்களை வேலை செய்கிறார். அவர் யார் என்பதை அறிந்த புக்ககத்தார் நடுங்கி வேண்டிக்கொள்ள, 'ஆசார்ய நியமனம். அடியேன் மீற இயலாது' என்று நிற்கிறார். முடிவில் அவர்கள் எம்பெருமானாரிடமும் பெரிய நம்பியிடமும் க்ஷமை வேண்டி, இனி அத்துழாயைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வதாக உறுதி கூறிய பின்பே ஆண்டான் திரும்புகிறார்.

உபந்யாஸங்களில் இச்சரிதம் முதலியாண்டானுடைய ஆசார்ய பாரதந்த்ர்யத்துக்கு உதாஹரணமாகவே எடுக்கப்படுகிறது. அது பொருத்தமே. ஆனால் அத்துழாய் அன்று வாய் திறவாதிருந்தால் ஆண்டானுடைய அந்தப் பெருமை வெளிப்பட்டிராது என்பதையும் சொல்லவேண்டும். புக்ககத்தில் பட்ட அவமானத்தைப் பிறந்தகத்தில் சொல்வதே குற்றம் என்று பெண்கள் பழக்கப்படுத்தப்பட்டிருந்த உலகில், ஒரு சிறுபெண் அதை ஆசார்யனிடம் நேரே சொல்கிறாள். ஆசார்யன் 'பொறுத்துப்போ' என்று சொல்லவில்லை. இவ்விடத்தை வ்யாக்யானிகளின் கண் கொண்டு பார்த்தால், சேஷியானவன் தன் சேஷபூதர்களின் பரிபவத்தைப் பொறான் என்ற அர்த்தம் ஆசார்யனிடத்தில் பலித்தது தெரியும். அதற்கு வாசல் அத்துழாயின் சொல். பிற்காலத்தில் சோழன் ஸபையில் கண்ணிழந்த பெரிய நம்பிக்கு வழித்துணையாக நின்றவளும் இவளே என்று பெரியோர் கூறுவர்.

இனி சாஸ்த்ரத்தின் தடை. இதைப் பெரியவர்கள் எழுப்பாமல் இரார், எழுப்பவும் வேண்டும்.

ஆபஸ்தம்ப க்ருஹ்யஸூத்ரம் பெண்குழந்தையின் பெயர் ஒற்றைப்படை அக்ஷரங்கள் கொண்டதாக இருக்கவேண்டும் என்கிறது. அக்ஷரம் என்பது இங்கே உயிரோசையோடு கூடிய அசை. மெய்யெழுத்துக்கள் கணக்கில் சேரா. மநு இரண்டாம் அத்யாயத்தில், பெண்ணின் பெயர் எளிதில் உச்சரிக்கத்தக்கதாய், கடுமையற்றதாய், பொருள் தெளிந்ததாய், மங்களமானதாய், நெடில் ஈறு உடையதாய் இருக்கவேண்டும் என்கிறார். கோதா, ஸீதா, லக்ஷ்மீ யாவும் ஈரக்ஷரங்கள். ஆண்டாள் என்பதும் அப்படியே. எண்ணிக்கை விதியைக் கடுமையாகப் பிடித்தால் இவை ஒன்றும் தேறா. அத்துழாய் என்பதோ மூன்றசை, தேறுகிறது. மநுவின் நெடில் விதியில் ஈற்று யகர ஒற்றுச் சற்று இடறும். ஆனால் துழாய் என்பதில் ஆகாரம் நெடிலே. தமிழ்ச்சொல்லுக்கு வடமொழி ஈற்று விதியை எழுத்தெண்ணிப் பொருத்துவதும் முறையன்று.

கடினமான தடை வேறிடத்தில் இருக்கிறது. அதே க்ருஹ்யஸூத்ரத்தின் விவாஹப் பகுதியில் நக்ஷத்ரம், நதி, மரம் ஆகியவற்றின் பெயர் கொண்ட கன்னிகைகள் விலக்கப்படுகின்றனர். மநு மூன்றாம் அத்யாயத்தில் இவற்றோடு மலை, பறவை, பாம்பு முதலியவற்றின் பெயரையும் அச்சம் தரும் பெயரையும் சேர்க்கிறார். துளஸி என்பது இதில் அகப்படாதா? அகப்படும் என்பாருக்கு இரண்டு விடைகள் உண்டு. முதல் அத்யாயத்தில் தாவர வகைகளை எண்ணும் மநு ஓஷதி, வனஸ்பதி, வ்ருக்ஷம், குச்சம், குல்மம் என்று பிரித்தே ஓதுகிறார். துளஸிச் செடியை வ்ருக்ஷம் என்ற சொல்லால் பிடிப்பது எளிதன்று. இது வாதத்துக்கு உதவும் விடை. உண்மையான விடை பெரிய நம்பியின் செயல். ஸகல சாஸ்த்ரங்களையும் அறிந்த மஹாபூர்ணர் இப்பெயரைத் தம் மகளுக்கு இட்டார். அவளுக்கு விவாஹமும் செய்து வைத்தார். சிஷ்டாசாரத்தைவிடப் பெரிய ப்ரமாணம் எங்கே தேடுவது?

இந்த ஸூத்ரங்களைச் சொல்லி அத்துழாயைத் தடுப்பவர்கள் தம் வீட்டுப் பெயர்களைச் சற்றே நோக்குவது நன்று. ரோஹிணியும் ரேவதியும் நக்ஷத்ரங்கள். கங்கையும் யமுனையும் காவேரியும் நதிகள். எந்த அக்ரஹாரத்தில் இவை இல்லை? மற்றொரு விதி இன்னும் வேடிக்கையானது. பெயரின் ஈற்றயலில் ரேபமோ லகாரமோ வரும் பெண்களை விலக்குக என்கிறார் ஆபஸ்தம்பர். இதன்படி கமலாவும் கௌரீயும் போய்விடும். அதோடு நில்லாது. மயிலை ஆதிகேசவப் பெருமாள் ஸந்நிதியின் மயூரவல்லி, மாதவப் பெருமாள் ஸந்நிதியின் அம்ருதவல்லி, திருவல்லிக்கேணியின் வேதவல்லி, குடந்தையின் கோமளவல்லி, ஸ்ரீமுஷ்ணத்தின் அம்புஜவல்லி என்று வல்லித் தாயார்கள் அனைவருடைய திருநாமங்களும் லகார உபாந்தமானவை. மயூரவல்லியில் பறவையும் கொடியும் சேர்ந்தே இருக்கின்றன! ஆபஸ்தம்ப ஸூத்ரத்தவர் பலர் தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு இட்டுவந்த பெயர்கள் இவை. தாயார் திருநாமம் என்பது நுழைந்தவுடன் விதி விலகி நின்றது. யாரும் அதை ஸூத்ர விரோதம் என்று நினைக்கவில்லை. ழகரமோ வடமொழியில் இல்லவே இல்லை. ஆகவே அதை ஆபஸ்தம்பர் தடுக்கவும் இல்லை.

இப்படித் தாயார் திருநாமங்கள் பெருகியதற்கு மயிலை வரலாற்றிலிருந்தே சான்று காட்டலாம். லஸ் பகுதியில் வாழ்ந்த வழக்கறிஞர் எஸ். ஸ்ரீநிவாஸ ஐயங்கார், 1926-இல் கௌஹாத்தி காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர். அவருடைய மகள் அம்புஜம்மாள் (1899–1983) தேச ஸேவையில் புகழ் பெற்றவர். தந்தையின் பெயரையும் காந்தியடிகளின் பெயரையும் இணைத்து ஸ்ரீநிவாஸ காந்தி நிலயம் என்று அவர் நிறுவிய ஸ்தாபனத்தின் பெயரிலேயே பெயரிடும் கலை தெரிகிறது. அவர் காலத்தவர் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960). ஐந்து வயது கடந்த சிறு பருவத்தில் விவாஹமாகிப் பள்ளி செல்லாத அப்பெண், முதல் நூலைத் தான் சொல்லத் தோழி எழுதும்படி இயற்றினார். பின் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, 115 நாவல்களை எழுதினார். மறியலில் ஈடுபட்டுச் சிறையும் சென்றார். கோதை என்னும் பெயருக்கு எழுத்துத்துறையில் இதைவிடப் பொருத்தமான வாரிசு அமைதல் அரிது. ஆனால் வாசகர்கள் அவரை 'வை.மு.கோ.' என்றே அழைத்தார்கள்! புக்ககத்தின் முதலெழுத்துக்களுக்குப் பின்னால், ஆழ்வார் இட்ட பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கியது.

பெயர் சிதைந்துவிடும் என்பதே அத்துழாய்க்கு எதிராகச் சொல்லப்படும் கடைசி வாதம். பள்ளியில் கூப்பிடத் தெரியாது, கடவுச்சீட்டில் ழகரத்தை எழுத முடியாது, அயல்நாட்டில் யார் சொல்வார் என்பர். சிதைவு நேரும் என்பது மெய்யே. ஆனால் சிதைவு பெயரைக் கொன்றுவிடாது. அலர்மேல்மங்கை என்னும் அழகிய தமிழ்த் திருநாமம் அலமேலு என்று தேய்ந்தது. அது தமிழ் என்பதே பலர்க்கு மறந்தது. எனினும் அலமேலு என்று கூப்பிடும்போது திருச்சானூர்த் தாயார் செவி சாய்க்காமல் இருப்பாளோ? வீட்டுப் பெண்டிரின் வாய் வழக்கம் இதிலும் வேடிக்கையானது. தலைப் பெண்ணுக்குத் தகப்பனைப் பெற்றவளின் பெயரை இடுவது பல குடும்பங்களில் முறை. பெயர்த்தி என்பதுதான் பேத்தி ஆயிற்று. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் முறை. ஆகவே பெற்றவளே தன் மகளைப் பெயரிட்டு அழைக்க முடியாமல் குஞ்சு, பட்டு, அம்புலு என்று வேறு பெயர் வைத்தாள். பெயர் ஏட்டில் இருந்தது, நாவில் இல்லை. பெரியாழ்வார் சொன்ன பயன் நாவில் இருந்தால்தான் கிட்டும்.

ராஜகுலப் பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் தொடராக வந்த பின் குந்தவை, வானதி என்னும் பெயர்கள் தமிழ்நாட்டுத் தொட்டில்களில் ஏறின. வானவன் மாதேவி என்று கல்வெட்டுக்கள் கூறும் அரசியைக் கல்கி வானதியாக்கினார். அப்பெயரில் தியாகராய நகரில் ஒரு பதிப்பகமும் உண்டு. இவற்றை இகழ்வதற்கில்லை. குந்தவைப் பிராட்டியார் திண்டிவனத்துக்கு அருகே தாதாபுரத்தில் சிவாலயத்தோடும் ஜினாலயத்தோடும் ஒரு விண்ணகரமும் எடுப்பித்தார். குந்தவை விண்ணகர் என்று அது அவர் பெயராலேயே வழங்கிற்று. பொன்னும் வெள்ளியும் முத்தும் அவர் அளித்ததைக் கல்வெட்டுக்கள் கூறும். இதை அறிந்து ஒரு வைஷ்ணவர் தம் பெண்ணுக்குக் குந்தவை என்று பெயரிடுவாரானால் அதுவும் கைங்கர்யத்தை நினைத்து இட்ட பெயரே. நாவலில் வந்த அழகியை மட்டும் நினைத்து இடுவது வேறு. இரண்டு வீடுகளிலும் ஒலி ஒன்றாகவே இருக்கும்.

பஞ்சஸம்ஸ்காரத்தின்போது ஆசார்யன் அளிக்கும் தாஸ்ய நாமம் பெண்ணுக்கும் உண்டு. 'ராமாநுஜ தாஸி' என்று அவள் அங்கே மறுபடி பெயர் பெறுகிறாள். அதற்கு முன்னோட்டமாக நாமகரணத்திலேயே ஒரு பாகவதையின் பெயர் கிடைப்பது பொருத்தமான தொடக்கம். பகவந்நாமத்தைவிடப் பாகவத நாமம் சுவைமிக்கது என்று கொள்ளும் நெறியில், அத்துழாயே என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் பெரிய நம்பியும், எம்பெருமானாரும், தண்ணீர்க்குடம் சுமந்த முதலியாண்டானும் நினைவில் எழுவர்.

பராசர பட்டருக்கு ரிஷியின் பெயர், பராங்குச நம்பிக்கு ஆழ்வார் பெயர் என்று எம்பெருமானார் கடன் தீர்த்தார். கதவைத் திறந்து நின்று அவருக்கு நப்பின்னையைக் காட்டியவள் பெயர் அந்த வரிசையில் இன்னும் சேரவில்லை. சேர்ப்பதற்கு இடமும் இருக்கிறது. நாமகரணத்தில் குழந்தைக்கு நான்கு வகைப் பெயர்களை முன்னோர் விதித்தனர்: குலதெய்வத்தை ஒட்டியது ஒன்று, பிறந்த மாஸத்தை ஒட்டியது ஒன்று, நக்ஷத்ரத்தை ஒட்டியது ஒன்று, உலக வழக்கில் அழைப்பதற்கு ஒன்று. முதல் மூன்றையும் குலமும் பஞ்சாங்கமும் தீர்மானித்துவிடும். வல்லித் தாயார்களும் பாட்டியின் பெயரும் அவற்றோடு இணைந்து அமையலாம். பன்னிரண்டாம் நாள் தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் நான்காவது பெயரை எழுதும்போதுதான் தகப்பனார் மோதிர விரலைச் சற்று நிறுத்தி யோசிப்பார்.